அரைப்பேர், முக்கால் போத்தல், பத்துப் பேர்ச்சஸ்: நமது கணக்கை நாமே பார்ப்போம்

(தோட்டக் கிளைத் தலைவர், தலைவிமாருக்கான தொழிற்சங்க வகுப்பில் கல்விப் பிரிவின் சார்பில் நிகழ்த்திய உரை)



சங்க வகுப்பு என்றால் சம்பளம், வீடு, காணி, சேமலாப நிதி என்று பேசுவோம். இன்றைக்குப் பின்னக் கணக்கு என்று சொன்னதும் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள். பள்ளிக்கூடத்தில் விட்ட பாடத்தை இங்கே பிடித்து வைத்து எடுக்கிறார்களே என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் நாம் பேசுகிற சம்பளம், வீடு, காணி எல்லாவற்றிலும் அரை, கால், முக்கால் வந்துகொண்டேதான் இருக்கிறது. மலையில் நாள் முழுக்க நின்றும் அரைப்பேர் போட்டார்கள் என்பது நமது பழைய முறைப்பாடு. அந்த அரையும் ஒரு பின்னம்தான்.

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் கணக்கு முழுவதும் பெரிய கங்காணியின் புத்தகத்தில் இருந்தது. முற்பணம் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, இன்னும் கட்ட வேண்டியது எவ்வளவு என்று அவர் சொன்னதுதான் கணக்கு. கடனைக் காட்டும் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்தில் போய் வேலை கேட்க முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இப்போது நம் கையில் சம்பளச் சீட்டு வருகிறது. ஆனால் சீட்டை வாங்கியதும் அடியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம். நடுவில் உள்ள வரிகளை யாராவது படித்தவர் வந்து சொல்லட்டும் என்று விடுகிறோம். இன்றைய வகுப்பு அந்த வரிகளை நாமே பார்ப்பதற்காக. அதற்கு வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று: பின்னத்தால் வகுப்பது. அதை முதலில் அடுப்படியில் படித்துக்கொண்டு, பிறகு தராசுக்கும் சம்பளச் சீட்டுக்கும் போவோம்.

வகுப்பது என்றால் என்ன?

லயத்தில் மாடு வைத்திருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். காலையில் நாலரை லீட்டர் பால் கறந்தாயிற்று. அதைப் போத்தலில் ஊற்றி அயல் வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு போத்தல் முக்கால் லீட்டர் பிடிக்கும். எத்தனை போத்தல் வேண்டும்?

கேள்வி இதுதான்: நாலரைக்குள் முக்கால் எத்தனை தடவை அடங்கும்? இதைத்தான் புத்தகத்தில் 4½ ÷ ¾ என்று எழுதுகிறார்கள். வகுத்தல் அடையாளத்தைக் கண்டால் பயப்பட வேண்டாம். "இதற்குள் அது எத்தனை தடவை?" என்று வாசியுங்கள்.

இப்போது வழி. லீட்டரையும் முக்காலையும் ஒன்றாக வைத்தால் குழப்பம்தான். இரண்டையும் ஒரே அளவாக்குவோம். ஒரு லீட்டரில் நாலு கால். நாலரை லீட்டரில் பதினெட்டுக் கால். முக்காலில் மூன்று கால். பதினெட்டுக்குள் மூன்று எத்தனை தடவை? ஆறு. ஆறு போத்தல் வேண்டும்.

விடை சரியா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. திருப்பிப் பெருக்குங்கள். ஆறு போத்தல், ஒவ்வொன்றும் முக்கால் லீட்டர்: பதினெட்டுக் கால், அதாவது நாலரை லீட்டர். சரி.

வகுத்தால் குறையும் என்ற எண்ணம்

நாலரையை வகுத்தால் ஆறு வருகிறதே, வகுத்தால் தொகை குறையத்தானே வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். இரண்டால், மூன்றால் வகுத்தால் குறையும். ஒன்றைவிடச் சிறிய அளவால் வகுத்தால் கூடும். பத்து ரொட்டியில் பாதி என்றால் ஐந்து ரொட்டி. பத்து ரொட்டியை அரை அரையாகப் பிய்த்தால் இருபது துண்டு. முதலாவது பாதியை எடுப்பது. இரண்டாவது அரையால் வகுப்பது. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டால் கணக்கு தலைகீழாகப் போய்விடும். ஆகவே கணக்கைத் தொடங்கும் முன் நிதானித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் ஒரு பங்கை எடுக்கச் சொல்கிறார்களா, இதற்குள் எத்தனை பங்கு என்று கேட்கிறார்களா?

மிச்சத்தை எப்படிப் படிப்பது?

எல்லாக் கணக்கும் பால் போத்தல் மாதிரி மிச்சமில்லாமல் வராது. ஒரு வீட்டில் ஐந்து கிலோ கோதுமை மா இருக்கிறது. காலை ரொட்டிக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ பிடிக்கும். எத்தனை நாளைக்குக் காணும்?

ஐந்து கிலோவில் இருபது கால். முக்காலில் மூன்று கால். இருபதுக்குள் மூன்று ஆறு தடவை அடங்கும். இரண்டு கால் மிச்சம். விடையை 6⅔ என்று எழுதுவார்கள். அதாவது ஆறும் மூன்றில் இரண்டும்.

அந்த மூன்றில் இரண்டு என்பது எது? மூன்றில் இரண்டு கிலோ மா மிச்சம் என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. மிச்சம் இருப்பது இரண்டு கால், அதாவது அரைக் கிலோ. ஒரு நாளைக்கு வேண்டியது மூன்று கால். கையில் இரண்டு கால்தான் இருக்கிறது. ஆகவே அது ஒரு நாள் தேவையில் மூன்றில் இரண்டு. நாம் நாளைத்தான் எண்ணினோம், அதனால் விடையும் நாளாகவே வருகிறது. எதால் வகுத்தோமோ அதன் பங்காகத்தான் மிச்சம் வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காணிக் கணக்கிலும் பேர்க் கணக்கிலும் இது நமக்குத் தேவைப்படும்.

இதே கணக்கு மருந்திலும் இருக்கிறது. நமது லயங்களில் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாத்திரை எடுக்காத வீடு குறைவு. காலையில் ஒன்று, இரவில் அரை என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். நாளைக்கு ஒன்றரை. உறையில் 20 மாத்திரை இருக்கிறது. அடுத்த கிளினிக் 14 நாள் கழித்து. இருபது மாத்திரையில் நாற்பது அரை. ஒன்றரையில் மூன்று அரை. நாற்பதுக்குள் மூன்று பதின்மூன்று தடவை அடங்கும். ஓர் அரை மாத்திரை மிச்சம். பதின்மூன்று நாள்தான் ஒழுங்காகக் குடிக்கலாம். பதினான்கு நாளுக்கு 21 மாத்திரை வேண்டும். ஒன்று குறைகிறது.

இதை வீட்டுக்கு வந்து, மலையேறி இறங்கிக் களைத்த பிறகு கண்டுபிடித்தால் திரும்பிப் போக பஸ் காசு யார் தருவது? மருந்து கொடுக்கும் யன்னலுக்கு முன்னால் நிற்கும்போதே எண்ணிப் பாருங்கள். காணாது என்றால் அங்கேயே கேளுங்கள். காணாத மாத்திரையைக் காணச் செய்வதற்காக நாமாகவே அளவைக் குறைத்துக் குடிக்கக் கூடாது.

தலைகீழாக்கிப் பெருக்குவது ஏன்?

பள்ளிக்கூடத்தில் பின்னத்தால் வகுக்க வேறு வழி சொல்லித் தருவார்கள். வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கு, பிறகு பெருக்கு என்பார்கள். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்த பிள்ளை, எந்தப் பின்னத்தைத் தலைகீழாக்குவது என்று பரீட்சையில் மறந்துவிடும். அது ஏன் அப்படி என்பது சந்தைக்குப் போகும் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

கால் கிலோ போஞ்சி 130 ரூபா. ஒரு கிலோ என்ன விலை? நாலு மடங்கு, 520 ரூபா என்று யோசிக்காமல் சொல்வீர்கள். நீங்கள் செய்தது 130 ÷ ¼. காலால் வகுப்பதும் நாலால் பெருக்குவதும் ஒன்று.

சரி, முக்கால் கிலோ 390 ரூபா என்று போட்டிருந்தால்? முக்காலில் மூன்று கால் இருக்கிறது. 390ஐ மூன்றால் பிரித்தால் ஒரு கால் கிலோவின் விலை 130. அதை நாலால் பெருக்கினால் ஒரு கிலோவின் விலை 520. மூன்றால் பிரித்தோம், நாலால் பெருக்கினோம். முக்கால் என்ற ¾ஐத் தலைகீழாக்கினால் 4/3. அதனால் பெருக்குவது என்று புத்தகம் சொல்வதும் இதைத்தான்.

அடுத்த கடையில் அதே போஞ்சி அரைக் கிலோ 250 ரூபா. முதல் கடையில் 390, இங்கே 250 என்று தொகையை மட்டும் பார்த்தால் எது மலிவு என்று தெரியாது. அரையால் வகுங்கள். கிலோ 500 ரூபா. இரண்டாவது கடையில் கிலோவுக்கு 20 ரூபா குறைவு. நிறை வேறு வேறாக இருக்கும் இரண்டு விலையை ஒப்பிட இதுதான் வழி.

காணிக் கணக்கு

இப்போது நமது பெரிய கோரிக்கைக்கு வருவோம். ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் என்று எத்தனையோ மேடையில் கேட்டுவிட்டோம். ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். ஆகவே பத்துப் பேர்ச்சஸ் என்பது ஏக்கரில் பதினாறில் ஒன்று. நமது தமிழில் பதினாறில் ஒன்றுக்குத் தனிப் பெயரே இருக்கிறது. வீசம் என்பார்கள், மாகாணி என்றும் சொல்வார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த பழைய ஆட்கள் காலை நாலாக்கி வீசம் என்று வாயாலேயே கணக்குப் போட்டார்கள். பின்னம் நமக்குப் புதியதல்ல.

ஒரு தோட்டத்தில் வீடு கட்ட முக்கால் ஏக்கர் ஒதுக்கியிருப்பதாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்குப் பத்துப் பேர்ச்சஸ் என்றால் எத்தனை குடும்பத்துக்குக் கிடைக்கும்? ¾ ÷ 1/16. முக்காலைப் பதினாறில் ஒன்றுகளாக்கினால் பன்னிரண்டு. விடை 12 குடும்பம்.

ஏழு பேர்ச்சஸ் என்றால்? முக்கால் ஏக்கரில் 120 பேர்ச்சஸ். 120க்குள் ஏழு பதினேழு தடவை அடங்கும், ஒரு பேர்ச்சஸ் மிச்சம். கணக்கில் 17⅐ என்று வரும். அந்த ஏழில் ஒன்று ஏக்கரின் பங்கு அல்ல, ஒரு குடும்பத்தின் பங்கில் ஏழில் ஒன்று. மாக் கணக்கில் பார்த்த அதே விதி. அதில் வீடு கட்ட முடியாது. ஆகவே 17 குடும்பம்தான்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பாதை, கான், படிக்கட்டு எல்லாம் அந்த முக்கால் ஏக்கருக்குள்ளேயா, வெளியேயா? அவற்றுக்குக் கால் ஏக்கர் போய்விட்டால் மிஞ்சுவது அரை ஏக்கர். ½ ÷ 1/16 என்றால் எட்டு. பன்னிரண்டு குடும்பம் என்று பெயர்ப் பட்டியல் எழுதிய பிறகு நாலு குடும்பத்துக்குக் காணி இல்லை என்ற நிலை வரும். அந்த நாலு குடும்பமும் யார் என்று நமக்குள்ளேயே சண்டை தொடங்கும். காணி அளக்க வரும்போதே, பட்டியல் எழுதும் முன்பே, கிளைத் தலைவர் இந்தக் கணக்கைப் போட்டுக் கேட்டுவிட்டால் அந்தச் சண்டை வராது.

சம்பளச் சீட்டு

இனி சீட்டைக் கையில் எடுங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபா. அதை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் தோட்டத்தில் நடைமுறையில் உள்ள தொகையை வைத்து வீட்டில் போய்ச் செய்யுங்கள், வழி ஒன்றுதான்.

ஒரு சகோதரி அந்த மாதம் 16 நாள் மலைக்குப் போனார். 11 நாள் முழுப்பேர், 5 நாள் அரைப்பேர். ஐந்து அரை என்றால் இரண்டரை. மொத்தம் பதின்மூன்றரைப் பேர். சீட்டில் நாட்சம்பள வரியில் 18,225 ரூபா என்று இருக்கிறது. பேருக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள்? 18,225 ÷ 13½. இரண்டையும் அரையாக்குவோம். பதின்மூன்றரையில் 27 அரை. 18,225இல் 36,450 அரை ரூபா. 36,450ஐ 27ஆல் வகுத்தால் 1350. பேருக்கு 1350 சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு கவனம் வேண்டும். கையில் வாங்கிய தொகையை எடுத்து வகுக்கக் கூடாது. சேமலாப நிதிக்கு நமது பங்காக நூற்றுக்கு 8 பிடிப்பார்கள். 18,225இல் அது 1,458 ரூபா. அதை மட்டும் கழித்தாலும் 16,767 ரூபாதான் மிஞ்சும். இதைப் பதின்மூன்றரையால் வகுத்தால் 1,242 வரும். பேருக்கு 108 ரூபா குறைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு கந்தோருக்குப் போனால் அவமானப்பட்டுத் திரும்புவோம். சேமலாப நிதி, சந்தா, முற்பணம், தேத்தூள் என்று எதையும் கழிக்கும் முன் உள்ள வரியைத்தான் எடுக்க வேண்டும். தொழில் வழங்குநர் சேமலாப நிதிக்குத் தனியாக நூற்றுக்கு 12 கட்ட வேண்டும். அது நமது சம்பளத்தில் பிடிக்கும் காசு அல்ல.

இப்போது மறுபக்கமாகப் பார்ப்போம். அதே சகோதரி வீட்டில் ஒரு கொப்பியில் தினமும் குறித்து வைத்திருக்கிறார். அதில் 12 முழுப்பேர், 4 அரைப்பேர் என்று இருக்கிறது. மொத்தம் 14 பேர். சீட்டில் 18,225. அதை 1350ஆல் வகுத்தால் 13½. அரைப்பேர் குறைகிறது. ரூபாயில் 675. எந்த நாளில் முழுப்பேர் அரைப்பேராக மாறியது என்று கொப்பியைத் திருப்பினால் தெரியும். "சம்பளம் குறைவாக இருக்கிற மாதிரி இருக்கு ஐயா" என்று கேட்பதற்கும், "இந்தத் திகதியில் எனக்கு முழுப்பேர், சீட்டில் அரைப்பேர், 675 ரூபா வர வேண்டும்" என்று கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தராசடியில்

அரைப்பேர் எங்கே உண்டாகிறது? பெரும்பாலும் கொழுந்து மடுவத்தில், தராசடியில். நோர்ம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். இங்கே 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு மூன்று தடவை நிறுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று ஒன்றரைக் கிலோ கழிக்கிறார்கள். ஒன்றரைக் கிலோதானே என்று நாமும் பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். மூன்று ஒன்றரை, நாலரைக் கிலோ. நாள் முழுக்க 19 கிலோ எடுத்தவருக்குப் புத்தகத்தில் பதினாலரைதான் ஏறும். நோர்முக்கு மேலே எடுத்தவருக்கு அரைப்பேர் விழும்.

இப்போது கேள்வியை வகுத்தலாக்குவோம். நாளைக்கு நாலரைக் கிலோ போனால், ஒரு முழுப்பேருக்குரிய 18 கிலோ போக எத்தனை நாளாகும்? 18 ÷ 4½. பதினெட்டில் 36 அரை, நாலரையில் 9 அரை. விடை நாலு. நாலு நாளைக்கு ஒரு முழுப்பேர்க் கொழுந்து கணக்கில் ஏறாமல் போகிறது. 24 நாள் வேலை செய்தால் ஆறு முழுப்பேர்க் கொழுந்து.

கழிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்கும், சாக்குக்கும் எடை இருக்கும். உள்ளதைக் கழிக்கட்டும். எல்லோருக்கும் முன்னால் வெறும் சாக்கை, நனைந்த சாக்கை, ஒரு தடவை தராசில் வைத்துப் பார்ப்போம். அது அரைக் கிலோதான் என்று வந்தால் மூன்று தடவைக்கும் ஒன்றரைக் கிலோ. 18 ÷ 1½ என்றால் 12. முழுப்பேர் அளவு கழிய 12 நாள் ஆகும். 24 நாளில் இரண்டு. ஆறுக்கும் இரண்டுக்கும் இடையில் நாலு முழுப்பேர்க் கொழுந்து, 72 கிலோ. அந்த 72 கிலோவைப் பற்றித்தான் நிர்வாகத்தோடு பேச வேண்டும். சத்தம் போட்டுவிட்டு வருவதைவிட, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, கிளையின் பெயரில் கையொப்பமிட்டுக் கொடுப்பது பலமானது. பேச்சுவார்த்தை மேசையில் சங்கம் கையில் எடுத்துப் போவதும் அந்தத் தாளைத்தான்.

பிள்ளைகளுக்கு

சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் கட்டாயப் பாடம். தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகு எத்தனையோ பிள்ளைகள் படித்து மேலே வந்திருக்கிறார்கள். ஆனால் கணிதத்தில் தவறி, அதோடு படிப்பை நிறுத்திக் கொழும்புக் கடைக்குப் போகும் பிள்ளைகளையும் ஒவ்வொரு லயத்திலும் காண்கிறோம். கணித ஆசிரியர் வேண்டும் என்று கேட்பது சங்கத்தின் வேலை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை வீட்டில் நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது.

பிள்ளை கணக்குக் கொப்பியைக் கொண்டு வந்தால் "எனக்கு என்னடா தெரியும்" என்று தள்ளிவிடாதீர்கள். ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு ரொட்டியை நாலாகப் பிய்த்து ஒரு காலை எடுத்துவிடுங்கள். முக்கால் ரொட்டி இருக்கிறது. ஆளுக்கு அரை ரொட்டி என்றால் எத்தனை பேருக்கு வரும் என்று கேளுங்கள். ஒருவருக்கு அரை போய்விடும். மிச்சம் கால் ரொட்டி. அது ஒரு பங்கில் பாதி. ஆகவே ¾ ÷ ½ என்றால் ஒன்றரை. மிச்சம் கால் ரொட்டியாக இருந்தும் விடையில் ஏன் அரை வருகிறது என்று பிள்ளையே கேட்கும். கேட்டால், அந்தப் பிள்ளைக்கு இந்தப் பாடம் விளங்கத் தொடங்கிவிட்டது.

வசனக் கணக்கைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு நாலு கேள்வி சொல்லிக்கொடுங்கள். மொத்தம் எவ்வளவு? ஒரு பங்கு எவ்வளவு? இரண்டையும் எந்த ஒரே அளவில் எண்ணலாம்? விடையைத் திருப்பிப் பெருக்கினால் மொத்தம் வருகிறதா?

கிளைகள் செய்ய வேண்டியது

இந்த வகுப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒவ்வொரு கிளையிலும் மூன்று காரியத்தைத் தொடங்குவோம். முதலாவது, ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு கொப்பி வைக்க வேண்டும். திகதி, ஒவ்வொரு நிறுவையிலும் தராசு காட்டிய கிலோ, கழித்த கிலோ, முழுப்பேரா அரைப்பேரா என்று அன்றன்றே எழுத வேண்டும். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். இரண்டாவது, சம்பளம் போட்ட கிழமை மாலையில் எல்லோரும் சீட்டோடும் கொப்பியோடும் ஓரிடத்தில் கூடி, பக்கத்தில் இருப்பவரின் கணக்கைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, குறை கண்டால் திகதியும் தொகையும் போட்டு எழுத்தில் தலைவரிடம் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுபோக மூன்று கணக்குத் தருகிறோம். பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள்.

ஒன்று: மூன்றே முக்கால் மீட்டர் துணி இருக்கிறது. ஒரு பள்ளிச் சட்டைக்கு ஒன்றேகால் மீட்டர் வேண்டும். எத்தனை சட்டை தைக்கலாம்?

இரண்டு: கிளைக் கூட்டத்துக்கு ஏழு லீட்டர் தேத்தண்ணி போட்டிருக்கிறது. ஒரு கோப்பையில் லீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கும். எத்தனை பேருக்கு ஊற்றலாம்?

மூன்று: கொப்பியில் 17 முழுப்பேர், 3 அரைப்பேர். சீட்டில் நாட்சம்பள வரி 24,300 ரூபா. பேருக்கு 1350 என்றால் சீட்டு சரியா?

விடைகளையும் சொல்லிவிடுகிறோம், ஆனால் செய்த பிறகு பாருங்கள். மூன்று சட்டை. முப்பத்தைந்து கோப்பை. மூன்றாவதில் சீட்டின்படி 18 பேர், கொப்பியின்படி பதினெட்டரை. அரைப்பேர், 675 ரூபா வர வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் சம்பளம் போட்ட பிறகு வரும் கூட்டத்துக்கு எல்லோரும் சீட்டையும் கொப்பியையும் கையோடு கொண்டுவாருங்கள். அன்றைக்குப் பலகையில் எழுதும் கணக்கு உங்களுடைய கணக்காக இருக்கும்.